வாதாபிக்கு இரண்டு சாவு: பழஞ்சொல்லை வைத்து விளையாட்டு வெண்பா கட்டுவது எப்படி?

உட்கொண்டான் ஓர்முனிவன் ஊர்கொண்டான் பல்லவர்கோன்
பட்டதெல்லாம் வாதாபி தான்.

ஏழே சீர். ஒரு குறள் வெண்பா. இதைக் கேட்டுச் சிரிக்க இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று புராணம். இல்வலன் என்ற அசுரன் தன் தம்பி வாதாபியை ஆடாக மாற்றி, அறுத்துக் கறி சமைத்து, வந்த விருந்தாளிக்குப் பரிமாறுவான். சாப்பாடு முடிந்ததும் "வாதாபி, வெளியே வா" என்று குரல் கொடுப்பான். தம்பி விருந்தாளியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருவான். இந்த வித்தை அகத்தியரிடம் செல்லவில்லை. அவர் வயிற்றைத் தடவி, "வாதாபி, செரித்துப் போ" என்றார். அவ்வளவுதான், ஆள் காலி.

இன்னொன்று வரலாறு. இன்றைய கர்நாடகத்தில் பாதாமி என்று வழங்கும் ஊர்தான் அன்றைய வாதாபி, சாளுக்கியர் தலைநகர். 642-இல் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் அதைப் பிடித்தான். 'வாதாபி கொண்டான்' என்பது அதனால் வந்த பட்டம்.

அசுரன் பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றாக இருப்பது வெறும் வசதி. பாட்டைத் தூக்கி நிறுத்துவது 'கொண்டான்' என்ற வினை. உணவை உட்கொள்ளலாம், ஊரையும் கொள்ளலாம். முனிவரும் மன்னனும் ஒரே வினைச்சொல்லில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: இந்த ஒப்புமை நம் காலத்துக் குறும்பு இல்லை. 8-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் நந்திவர்மனின் உதயேந்திரம் செப்பேடு, நரசிம்மவர்மனை வாதாபியை அழித்த அகத்தியருக்கு நிகரானவன் என்று வடமொழியில் புகழ்கிறது. மன்னர் வம்சாவளி எழுத உட்கார்ந்த கவிஞருக்கே கை சும்மா இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை பேசப்போகும் வகை இதுதான். ஒரு சொல், அதைச் சுற்றி ஒரு தொன்மம், அதே சொல்லில் ஒரு வரலாறு. இரண்டையும் ஒரு சின்னப் பாட்டுக்குள் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது. இதற்குத் தனிப்பெயர் கிடையாது. ஆனால் கருவி பழையது. சிலேடை என்றும் இரட்டுற மொழிதல் என்றும் நம் இலக்கணம் சொல்வது அதைத்தான்.

கீல் எங்கே இருக்கிறது?

கதவைத் திருப்புவது கீல். இந்த வகைப் பாட்டிலும் எந்தச் சொல்லில் பொருள் திரும்புகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள். 'வாதாபி என்று ஒரு அசுரன், வாதாபி என்று ஒரு ஊர்' என்று மட்டும் சொன்னால் அது அகராதிப் பதிவு. பெயருக்கு இரண்டு பொருள் இருப்பது பாதி வேலை. அந்த இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு வினை கிடைத்தால்தான் மீதிப் பாதி நடக்கும்.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமல் அப்படியே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. ஒரு பொருளுக்கு ஒரு மாதிரியும் இன்னொரு பொருளுக்கு வேறு மாதிரியும் பிரித்துப் படிக்க வேண்டியது பிரிமொழிச் சிலேடை. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் இடம் கொடுத்த காளமேகப் புலவர் பெயர் இந்த இடத்தில் யாருக்கும் நினைவு வரும். அவர் வேகம் வேறு. தொடங்குபவர்கள் செம்மொழிச் சிலேடையில் தொடங்குவதே நல்லது. பிரிமொழியில் ஆரம்பித்தால் வாசகரை இழுத்துப் பிடித்து "இங்கே பிரி, அங்கே சேர்" என்று பாடம் நடத்த வேண்டிவரும்.

சொல் பிடிக்கும் இடங்கள்

செய்யுளில் எழுதிய பழைய அகராதிகளான நிகண்டுகள் முதல் புதையல். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதிக்குப் பெயரே 'ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி'. ஒரே சொல்லுக்கு உள்ள பல பொருள்களை அடுக்கிக்கொண்டே போகும். அதுவும் எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றுவது) வரிசையில் அமைத்திருக்கிறார்கள், வெண்பா எழுதுபவருக்கென்றே செய்ததுபோல. அடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். அதில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. வேற்றுமொழிச் சொல் என்றால் எந்த மொழியிலிருந்து வந்தது என்று சுருக்கமாகக் குறித்திருப்பார்கள். நமக்கு வேண்டிய வரலாறு பல சமயம் அந்தச் சின்னக் குறிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும்.

தொன்மப் பக்கத்துக்குச் சங்கப் பாடல்களின் விலங்கும் பறவையும் நல்ல தீனி. இசை கேட்டு மயங்கும் அசுணம், ஓருடலில் இரண்டு தலை கொண்ட இருதலைப்புள், துணையைப் பிரியாத மகன்றில். வரலாற்றுப் பக்கத்துக்குக் கப்பலேறி வந்த சொற்கள்: சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பீப்பாய், பாதிரி. அத்தனையும் போர்த்துகீசியம். வீட்டுக்குள் பாதிச் சாமான் இவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

சொல் கிடைத்ததும் தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் சொல்லின் எல்லாப் பொருளும். இரண்டாவதில் அதைத் தொடும் கதை. மூன்றாவதில் தேதியோ கல்வெட்டோ கப்பலோ, உறுதியாகத் தெரிந்த வரலாறு. எந்தக் கட்டமாவது காலியாக இருந்தால் அந்தச் சொல்லைத் தள்ளிவையுங்கள். கட்டத்தை நிரப்புவதற்காகக் கதை கட்டும் ஆசை வரும். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது. நான்காவதாக, தாளின் ஓரத்தில், அந்தச் சொல்லோடு நாம் அன்றாடம் சேர்த்துப் பேசும் வினைகளை எழுதுங்கள். கீல் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

ஏலம்: ஒரு பாட்டு உருவாகும் விதம்

'ஏலம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஏலக்காய் ஒரு பொருள். கூந்தலுக்குப் பூசும் மணச்சாந்து இன்னொரு பொருள். இவை இரண்டும் பழைய சொல். பொருளைக் கூவி விற்பது மூன்றாவது பொருள். ஆனால் இது வேறு சொல், ஒலியால் மட்டும் ஒன்று. போர்த்துகீசிய 'லெய்லாவ்' தமிழுக்கு வந்து 'ஏலம்' ஆயிற்று, வடக்கே போய் 'நீலாம்' ஆயிற்று.

தொன்மக் கட்டத்துக்குக் காஞ்சி. ஏகாம்பரநாதர் கோயில் அம்பிகையின் தமிழ்ப் பெயர் ஏலவார்குழலி: ஏலம் மணக்கும் நீண்ட கூந்தலாள். கம்பை ஆற்று மணலில் லிங்கம் பிடித்துப் பூசை செய்தாள், வெள்ளம் வந்தது, லிங்கம் கரைந்துவிடாமல் கட்டித் தழுவினாள், இறைவன் குழைந்தான். வரலாற்றுக் கட்டத்துக்கு 1498: வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய ஆண்டு. நறுமணச் சரக்குத் தேடிவந்த கூட்டம்.

ஓரத்தில் எழுதும் வினைகள்: ஏலம் எடுப்பது, ஏலம் விடுவது, ஏலம் போவது. எடுப்பதும் விடுவதும் ஜோடியாகக் கிடைத்ததுமே பாட்டு முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஏலக்காய் எடுக்க வந்தவன், 'ஏலம்' என்ற சொல்லை நம்மிடம் விட்டுவிட்டுப் போனான்.

இதை முதலில் எழுதும்போது கைக்கு வருவது இப்படி இருக்கும்: "ஏலம் வாங்க வந்தான்". இது வெண்பா ஆகாது. ஏன் என்று புரிய அசை, சீர், தளை மூன்றும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

குறிலோ நெடிலோ தனியாக நின்றால், அல்லது ஒற்றோடு நின்றால், நேரசை: ஏ, லம், கண். இரண்டு குறில் சேர்ந்தாலும், குறிலும் நெடிலும் சேர்ந்தாலும், அவற்றோடு ஒற்று வந்தாலும் நிரையசை: கட, கடல், கதை. சொல்லின் தொடக்கத்தில் குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள்; ஒற்றாக இல்லாவிட்டால் அதோடு சேர்த்து நிரை. அசைகள் கூடினால் சீர். ஈரசையில் நேரில் முடிவது மாச்சீர், நிரையில் முடிவது விளச்சீர். மூவசையில் நேரில் முடிவது காய்ச்சீர். வெண்பாவில் இந்த மூன்றுக்குத்தான் இடம். பாட்டின் கடைசிச் சீருக்கு மட்டும் தனி விதி உண்டு.

ஒரு சீர் அடுத்த சீரைப் பிடிப்பது தளை. மாவுக்குப் பின் நிரையில் தொடங்கும் சீர் வர வேண்டும். விளத்துக்கும் காய்க்கும் பின் நேரில் தொடங்கும் சீர். இவ்வளவுதான் வெண்டளை. அடி தாண்டினாலும் இதே விதி. பலர் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகச் சரிபார்த்துவிட்டு, முதலடியின் கடைசிச் சீருக்கும் இரண்டாமடியின் முதல் சீருக்கும் நடுவே ஓட்டை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது "ஏலம் வாங்க" பாருங்கள். ஏ-லம், நேர் நேர், மாச்சீர். அடுத்து நிரை வர வேண்டும். 'வாங்க' நேரில் தொடங்குகிறது. தளை தட்டுகிறது. நிரையில் தொடங்கும் வினை வேண்டுமே என்று தேடினால் 'எடுக்க' வந்து நிற்கும். யாப்புக்காகத் தேடிய சொல் பொருளையும் இரட்டிப்பாக்கிவிட்டது: 'வாங்க' என்றால் ஏலக்காய்க்கு மட்டும்தான் சரி, 'எடுக்க' என்றால் கூவி விற்கும் ஏலத்துக்கும் சேரும். வெண்பா கட்டாயப்படுத்துகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த ஒரு இடத்தைக் கவனித்தால் போதும்.

ஏலம் எடுக்கவந்தான் ஏலத்தை விட்டுவிட்டான்
மேலைக் கடலோடி மீண்டு.

சீர் பிரித்துப் பார்த்தால் (அடைப்புக்குள் இருப்பது சீரின் வாய்பாட்டுப் பெயர்; மாவா, விளமா, காயா என்பது அதன் முடிவிலேயே தெரியும், காசு மட்டும் கடைசிச் சீருக்கு உரியது): ஏலம் (தேமா), எடுக்கவந்தான் (கருவிளங்காய்), ஏலத்தை (தேமாங்காய்), விட்டுவிட்டான் (கூவிளங்காய்); மேலைக் (தேமா), கடலோடி (புளிமாங்காய்), மீண்டு (காசு). முதலடி நான்கு சீர், ஈற்றடி மூன்று சீர். ஏலம்–மேலை எதுகை. 'ல'வும் 'லை'யும் வேறாயிற்றே என்றால், மெய் ஒன்றாக இருந்தால் போதும், அது வருக்க எதுகை. ஏலம்–ஏலத்தை, மேலை–மீண்டு மோனை (முதலெழுத்தோ அதன் இன எழுத்தோ திரும்ப வருவது). இப்போது இரண்டு விதமாகப் படிக்கலாம். ஏலக்காய் எடுக்க வந்த மேலைநாட்டுக் கடலோடி, திரும்பும்போது ஒரு சொல்லை விட்டுப் போனான். அல்லது, ஏலத்தில் பொருள் எடுக்க வந்தவன், கடைசியில் தானே ஏலம் விடுபவனாக மாறினான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போர்த்துகீசியர் தேடிவந்த சரக்கில் பெரியது மிளகு. ஏலம் கூட வந்த சரக்குகளில் ஒன்று. பாட்டு அதை முன்னுக்கு இழுத்துவைக்கிறது. பாட்டில் அது செல்லும். பாட்டின் கீழே குறிப்பு எழுதினால் அங்கே மிளகைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இதில் தொன்மம் இன்னும் வரவில்லை. ஏழு சீரில் அதற்கு இடமில்லை. நேரிசை வெண்பாவுக்குப் போனால் பதினைந்து சீர் கிடைக்கும்: நாலடி, இரண்டாமடியின் கடைசியில் ஒரு தனிச்சொல்.

ஏலம் மணந்த குழலிக்கே ஈசன்மெய்க்
கோலம் குழைந்த கதைகேட்டோம் – பாலமின்றி
எட்டாக் கடலோடி ஏலம் எடுக்கவந்தான்
விட்டதுவும் ஏலம் விலைக்கு.

தனிச்சொல்லுக்கு முதலிரண்டு அடிகளின் எதுகை வேண்டும். நெடிலுக்குப் பின் லகரம். காலத்தால், ஞாலத்தில், மேலைநாட்டான் என்று வரிசை போடலாம். எல்லாம் இடம் நிரப்பும் சொற்கள். 'பாலமின்றி' வந்ததும் பாட்டுக்குள் இன்னொரு புராணம் நுழைகிறது. நம் கதையில் கடலைத் தாண்டியவர்கள் பாலம் போட்டுத் தாண்டினார்கள். இவன் அது இல்லாமலே வந்துவிட்டான். எதுகைக்காகச் சொல் தேடும்போது முதலில் வந்ததை எடுக்காமல் ஐந்தாறு சொல்லை எழுதிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். 'மணந்த' என்பதற்கு மணம் வீசிய, மணம் செய்த என்று இரண்டு பொருளும் உண்டு. காஞ்சிக் கதைக்கு இரண்டும் பொருந்துகிறது. 'எடுக்கவந்தான்' இங்கே வினைமுற்று இல்லை, 'எடுக்க வந்தவன்' என்ற வினையாலணையும் பெயர். பேச்சில் அப்படிச் சொல்ல மாட்டோம், செய்யுளில் வழக்கம். வாசகர் தடுக்கி விழுவார் என்று தோன்றினால் முந்தைய அடிக்குப் பின் ஒரு நொடி நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள்.

வரலாறு என்றால் அரசர் வரலாறு மட்டும்தானா?

சொல்லுக்கும் வரலாறு உண்டு. அசுணம் அதற்கு நல்ல காட்டு. இனிய இசை கேட்டால் மயங்கி நிற்கும், பறையொலி கேட்டால் உயிரை விடும் என்று இந்தக் கற்பனை விலங்கைப் பற்றி மரபு சொல்கிறது. யாழ் வாசித்து வரவழைத்து, பறையடித்துக் கொல்வார்களாம். நற்றிணை 304-ஆம் பாட்டில், இன்பமும் துன்பமும் சேர்ந்தே தரும் தலைவன் மார்புக்கு 'அசுணம் கொல்பவர் கை' உவமை. அகநானூறு 88-இல் வண்டுக் கூட்டம் ரீங்கரிக்கிறது. மலைக் குகையில் இருக்கும் அசுணம் அதை 'யாழ் செத்து' உற்றுக் கேட்கிறது.

'யாழ் செத்து' என்றால் யாழ் என்று கருதி. சங்கத் தமிழில் செத்து என்ற சொல்லுக்குக் கருதி, போல என்ற பொருள் இருந்தது. இன்று அந்தப் பொருள் போய், செத்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இசையால் சாகும் விலங்கைப் பற்றிய பாட்டிலேயே இந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இப்படி ஒரு கீலை யாரும் செய்து தர முடியாது.

வண்டிசையை யாழ்செத்து வந்த அசுணத்தைக்
கொண்டதே செத்தென்னும் சொல்.

பறை வேண்டியதில்லை, அந்தச் சொல்லே உயிரைக் கொண்டுபோய்விட்டது. இங்கே வரலாறு எந்த மன்னனுடையதும் இல்லை. ஒரு வினையெச்சம் காலப்போக்கில் பொருள் சுருங்கிய கதை. தேதி போட முடியாத வரலாறு, ஆனாலும் சான்று உள்ள வரலாறு.

எங்கே கெடும்?

பெரும்பாலான பாட்டுகள் கெடுவது யாப்பில் இல்லை. பொய்யான சொற்பிறப்பில்தான் கெடுகின்றன. கவரிமாவை எடுங்கள். திருக்குறள் 969 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்கிறது. மா என்றால் விலங்கு. யாரோ ஒரு 'ன்' சேர்த்தார்கள். கவரிமா கவரிமான் ஆனது, இமயத்துச் சடை எருமை புள்ளிமான் ஆனது. பழம்பாடல்களில் கவரி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும்: புறநானூறு 132-இல் இமயமலையில் நரந்தைப் புல் மேய்கிறது, பதிற்றுப்பத்து 11-இல் தூக்கத்திலும் நரந்தம் புல்லைக் கனவு காண்கிறது. ஓர் ஒற்று விலங்கையே மாற்றியதை வைத்து நல்ல பாட்டு எழுதலாம். ஆனால் மயிர் உதிர்ந்தால் சாகும் மான் நிஜமாகவே இருந்தது என்று கீழே குறிப்பு எழுதினால் பாட்டும் போகும், பேரும் போகும். பாட்டில் பொய் சொல்ல உரிமை உண்டு. குறிப்பில் கிடையாது.

தொன்மத்திலும் இந்த ஒழுங்கு வேண்டும். புதிதாக ஒரு கதை புனையலாம், தடையில்லை. அதைச் 'சங்க இலக்கியம் சொல்கிறது', 'தலபுராணம் சொல்கிறது' என்று ஏற்றிவிடக் கூடாது. பத்து பேர் பகிர்ந்த பிறகு அதுவே தலபுராணம் ஆகிவிடும்.

இரண்டு சொற்கள் சேரும் புணர்ச்சியில் சறுக்குவது இன்னொன்று. 'வந்து எடுத்தான்' என்று தாளில் இரண்டு சீராக எழுதுவீர்கள். வந்து தேமா, எடுத்தான் புளிமா, மா முன் நிரை, எல்லாம் சரிபோலத் தெரியும். வாயில் சொல்லிப் பாருங்கள்: வந்தெடுத்தான். 'வந்து' கடைசியில் இருந்த குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்) ஓடிவிட்டது, இரண்டு சீர் ஒரே கூவிளங்காய் ஆகிவிட்டது, அடியில் ஒரு சீர் குறைகிறது. உகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைப் போடும் ஒவ்வொரு இடத்திலும் நின்று பாருங்கள். 'ஏலம் எடுக்க' போன்ற இடத்தில் இந்தத் தொல்லை இல்லை. 'ஏல மெடுக்க' என்று சேர்ந்தாலும் அசைக்கணக்கு மாறாது.

எதுகையில் ல, ள, ழ கலப்பது அடிக்கடி நடக்கும். பேச்சில் மூன்றும் ஒன்றாக ஒலிப்பவர்கள் எழுத்தைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ஏலத்துக்குப் பலம் எதுகை ஆகாது, பாலம் ஆகும்.

கடைசிச் சீரில் திணறுவோர் உண்டு. அங்கே வரக்கூடியவை நான்கே: நேர் தனியாக (நாள்), நிரை தனியாக (மலர்), நேரோடு உகரம் (காசு), நிரையோடு உகரம் (பிறப்பு). மேலே உள்ள பாட்டுகளில் தான், சொல் இரண்டும் நாள், மீண்டு காசு, விலைக்கு பிறப்பு. மலருக்கு உதாரணம் கடைசியில் வருகிறது. அனுபவப்பட்டவர்கள் செய்யும் ஒரு வேலை: ஈற்றடியை முதலில் எழுதிவிட்டு மேலே ஏறுவது. அடி விழும் இடம் உறுதியாகிவிட்டால் மேலே உள்ளவை அதை நோக்கி நடக்கும்.

அப்புறம், ஒரு பாட்டுக்கு ஒரு அரிய சொல் போதும். அசுணம், மகன்றில், இருதலைப்புள் மூன்றையும் ஒரே வெண்பாவில் அடைத்தால் வாசகர் அகராதியோடு உட்கார வேண்டும். சிரிப்பு அதற்குள் ஆறிவிடும். தெரியாத சொல்லைப் பாட்டுக்கு மேலே ஒரே வரியில் அறிமுகப்படுத்துங்கள்: 'அசுணம்: இசைக்கு மயங்கும் சங்ககால விலங்கு. செத்து: கருதி.' இவ்வளவே. சிலேடை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மேலே சொல்லாதீர்கள். அதை வாசகர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காதவருக்காகக் கீழே நாலு வரி விளக்கம் இருக்கலாம். வாதாபி போன்ற பாட்டுக்கு மேற்குறிப்பே தேவைப்படாது.

கைப்பழக்கத்துக்கு ஒன்று

திருக்குறள் 12-இல் 'துப்பாக்கி' என்ற சொல் வருகிறது. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி'. துப்பு என்றால் உணவு. துப்பு ஆக்கி என்றால் உணவை உண்டாக்கி. மழையைப் பற்றிய குறள். சுடுகிற துப்பாக்கி துருக்கிய 'துஃபெக்' குடும்பத்துச் சொல், பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. இரண்டுக்கும் உறவே இல்லை. 'வள்ளுவர் அன்றே துப்பாக்கியைச் சொன்னார்' என்று குறிப்பு எழுதினால் அது பொய். அதையே பாட்டாக எழுதினால் பிரிமொழிச் சிலேடை:

துப்பாக்கி உண்டு குறளில் அதுசுட்டால்
எப்பொழுதும் பெய்யும் மழை.

மழை, மலர் வாய்பாடு. தளையும் எதுகையும் சரியாக இருக்கின்றன. குறை ஒன்று உண்டு: முதலடியில் மோனை இல்லை. மூன்றாம் சீரை து, தூ, தொ, தோ இவற்றில் ஒன்றால் தொடங்கும்படி மாற்ற வேண்டும். 'உண்டு' மாச்சீர் என்பதால் அது நிரையில் தொடங்க வேண்டும், அல்லது 'உண்டு' என்ற சீரையே மாற்ற வேண்டும். குறள் என்ற சொல்லை இழக்காமல் இதைச் செய்ய முடிகிறதா என்று முயன்று பாருங்கள். கை வராவிட்டால் துப்பு என்ற சொல்லுக்கு உள்ள மற்றப் பொருள்களைத் தாளில் அடுக்கிக்கொள்ளுங்கள்: வலிமை, பவளம், உளவுச் செய்தி, எச்சில் துப்புவது.